இறக்கம் பார்த்து நிறுத்தும் வண்டி

ராமுத்தாய்க்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டாள், வேலை செய்வாள். போடியில் ஏலக்காய்க் கிட்டங்கி ஒன்றில் காய் பொறுக்குகிற நாற்பது பெண்களில் அவளும் ஒருத்தி. முறத்தில் கொட்டிய காயைப் பச்சை தனி, வெளுத்தது தனி, பொக்கு தனி என்று அவள் விரல்கள் தாமாகவே பிரித்துவிடும். சாதாரண நாளில் இரண்டு முறம் பார்ப்பவள், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த நாளில் நாலு முறம் பார்ப்பாள். அதனால் கிட்டங்கி முதலாளிக்கு அவளுடைய குடும்பச் சண்டைகளில் தனி அக்கறை. காலையில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னத்தா, வீட்டுல எல்லாம் சரிதான?" என்று விசாரிப்பார். சரியில்லை என்றால் அவருக்குச் சந்தோஷம்.

அந்தக் கணக்கில் 1953லிருந்து 57 வரைக்கும் கிட்டங்கிக்கு நல்ல காலம். ராமுத்தாயின் அண்ணன் சின்னச்சாமிக்கும் அவள் புருஷன் சுருளிவேலுக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் போன வருஷங்கள் அவை.

காரணம் ஒரு போஸ்ட் கார்டு. போடியில் சொந்தமாக ஓட்டு வீடு கட்டிப் பால் காய்ச்ச நாள் குறித்தபோது, முதலில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியது பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனை. சின்னச்சாமியோ போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத் தோட்டத்தில், காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு மேஸ்திரி. சுருளிவேல் ஆயில் எஞ்சின் மெக்கானிக். அந்த வாரம் பூராவும் ராசிங்காபுரத்தில் ஒரு கிணற்றுக்குள் ஓடாத எஞ்சினோடு இடுப்பளவு தண்ணீரில் கிடந்தான். மலைக்குப் போக நேரமில்லை. கிணற்று மேட்டில் உட்கார்ந்து, கையில் கிரீசோடு, 'குடும்பத்துடன் வந்து முன்னின்று நடத்திக் கொடுக்கவும்' என்று ஒரு கார்டு எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டான். அது கட்டைவிரல் ரேகையோடு மலைக்குப் போய்ச் சேர்ந்தது.

"கார்டு போட்டா வந்து நிக்கிறதுக்கு நான் என்ன கோர்ட்டுச் சாட்சியா?" என்று சின்னச்சாமி கேட்டார். வரவில்லை. அதற்குப் பிறகு பொங்கலுக்கும் வரவில்லை, கோயில் கும்பிடுக்கும் வரவில்லை. மலையிலிருந்து யார் இறங்கி வந்தாலும் ராமுத்தாய் சொல்லி அனுப்புவாள். "பாப்போம்" என்று பதில் வரும். சின்னச்சாமியின் வாயில் இரண்டே பதில்தான். "வர்றேன்" என்று சொல்லிவிட்டால் பாலம் உடைந்தாலும் நடந்தே வந்து சேர்ந்துவிடுவார். "பாப்போம்" என்றால் தலைகீழாக நின்றாலும் வர மாட்டார்.

இப்போது காரியம் பெரிதாகிவிட்டது. மகள் சந்திரவல்லிக்கு மூன்று வயது. அண்ணன் இன்னும் முகம்கூடப் பார்க்காத பிள்ளை. வருகிற வெள்ளிக்கிழமை காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்த்தாமல் காது குத்த முடியாது. சுருளிவேல் பக்கத்தில் யாரோ, ஒன்றுவிட்ட முறையில் ஒரு ஆளைப் பிடித்து உட்கார வைத்துவிடலாம் என்று யோசனை சொன்னார்கள். "வாடகை மாமனா?" என்று ராமுத்தாய் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள். அன்றைக்குக் கிட்டங்கியில் ஐந்து முறம் பார்த்தாள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் புருஷனும் பெண்டாட்டியும் நேரில் போய் அழைப்பது என்று முடிவாயிற்று. மலைக்குக் காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ் உண்டு. ஆனால் வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கும்போது பஸ்சில் போவது சுருளிவேலுக்குக் கௌரவக் குறைச்சல்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையில் ஒரு எஸ்டேட் துரை சீமைக்குத் திரும்பிப் போகும்போது, தன் பங்களா எஞ்சினைப் பத்து வருஷம் ஓட வைத்ததற்காகச் சுருளிவேலிடம் விட்டுப்போனது. கூடவே, ஓட்டும்போது காற்றுக்குக் கண்ணை மறைத்து மாட்டிக்கொள்ள ஒரு காற்றுக் கண்ணாடியும் கொடுத்தார். வந்த மூன்றாம் வாரமே உதைத்துக் கிளப்புகிற மிதி முறிந்துவிட்டது. அந்தச் சாமானுக்கு மெட்ராசுக்கு மூன்று கடுதாசி போட்டும் பதில் இல்லை. ஊரில் செத்த எஞ்சின்களையெல்லாம் பிழைக்க வைக்கிறவன், தன் வண்டியைத் தள்ளித்தான் கிளப்பினான். ஆகையால் வண்டிக்கு ஒரே ஒரு விதி: சமதரையில் நிறுத்தக் கூடாது. இறக்கம் பார்த்து, மூக்கு கீழே பார்க்க நிறுத்த வேண்டும். போடியில் எந்தத் தெரு எந்தப் பக்கம் சரிகிறது என்பது அவனுக்கு மனப்பாடம். கொஞ்ச நாளில் அவனுடைய சிநேகிதமெல்லாம் மேட்டுத்தெருக்காரர்களோடு மட்டும் என்று ஆகிவிட்டது.

ராமுத்தாய் அதுவரை அந்த வண்டியில் ஏறியதில்லை. அன்றைக்கு மஞ்சள் புடவை கட்டி, பிள்ளையைப் பக்கத்து வீட்டுச் சுப்புத்தாயிடம் விட்டுவிட்டு, பித்தளைத் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், மஞ்சள், ஒரு சீப்பு வாழைப்பழம் எல்லாம் அடுக்கித் துணியால் மூடி எடுத்துக்கொண்டாள். மாமனுக்கு வைக்கிற தட்டு, அவன் வீட்டுக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் தரையில் படக் கூடாது. வழியில் வேறு யாருக்கும் அதிலிருந்து வெற்றிலை எடுத்துக் கொடுக்கவும் கூடாது. அப்படித்தான் அவள் அம்மா சொல்லியிருந்தாள். அம்மா சொன்னபோது மோட்டார் சைக்கிளை மனதில் வைத்துச் சொல்லவில்லை.

தெருவில் நாலு பேர் தள்ளினார்கள். வண்டி இருமியது, புகை விட்டது, பிடித்துக்கொண்டது. "ஏறு, ஏறு!" என்று சுருளிவேல் கத்தினான். ராமுத்தாய் கூட ஓடிப்போய் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தாள். ஒரு கை தாம்பாளத்தில். இன்னொரு கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நடுத்தெருவில் புருஷன் தோளைப் பிடிக்க வெட்கம். முதல் பள்ளம் வந்ததும் வெட்கம் போய்விட்டது.

மலையடிவாரத்தில் முந்தல். அங்கே டீக்கடை வைத்திருந்த திருப்பதி அவளுக்குச் சித்தப்பா முறை. தட்டோடு வருகிற ஆளைப் பார்த்ததும் அவர் டீக் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அழைப்பை வாங்கிக்கொள்ளத் தயாராக ரோட்டோரம் வந்து நின்றார். வண்டி நிற்காமல் அவரைக் கடந்தது.

"ஏத்தா ராமுத்தாயி, யாருக்கு வெத்தலை?"

"மாமனுக்கு முத வெத்தலை, சித்தப்பா! ஒங்களுக்கு நாளைக்கு வர்றேன்!"

"நின்னு சொல்லிட்டுப் போனா கொறஞ்சா போயிருவீக?"

"வண்டி நிக்காது, சித்தப்பா!"

கடைசி வார்த்தை அவர் காதில் விழுந்திருக்காது. அவர் துண்டை மறுபடி உதறித் தலையில் கட்டிக்கொண்டு உள்ளே போவது மட்டும் தெரிந்தது. ஒரு சண்டையைத் தீர்க்கப் போகிற வழியில் இன்னொன்றை விதைத்துவிட்டு வந்தாயிற்று என்று ராமுத்தாய்க்குக் கவலையாகிவிட்டது.

மலை ஏறத் தொடங்கியதும் வண்டி குரலை மாற்றிக்கொண்டது. சமவெளியில் படபடவென்று பேசியது, ஏற்றத்தில் ஒவ்வொரு வார்த்தையாக யோசித்துப் பேசியது. ஆனால் சுருளிவேல் வேறு ஆளாக மாறியிருந்தான். துரையின் காற்றுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் உடம்பைச் சாய்த்து, "பாத்தியா, பாத்தியா" என்று சிரித்தான். கீழே போடி ஊர் ஒரு கைப்பிடி ஓடுகளாகச் சுருங்கியிருந்தது. தென்னந்தோப்பும் கண்மாயும் வெயிலில் கிடந்தன. பத்து வருஷம் பொண்டாட்டியாக இருந்தும், இந்த மனுஷன் இப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. காற்று சில்லென்று முகத்தில் அடித்தது. அண்ணன் கோபம்கூடக் கொஞ்ச நேரம் மறந்து போயிற்று. நன்றாகத்தான் இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை; சொன்னால் வாரா வாரம் கூப்பிடுவான்.

எட்டாவது வளைவில் வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. அங்கே கட்டைச்சுவரில் வரிசையாகக் குரங்குகள். அவற்றில் கடுவன் ஒன்று, ரொம்ப நாளாக எதிர்பார்த்த உறவுக்காரன் மாதிரி எழுந்து வந்து, வண்டியோடு நாலடி நடந்து, துணியை விலக்கி வாழைப்பழச் சீப்பைப் பிடித்தது. ராமுத்தாய் மறு முனையைப் பிடித்தாள்.

"என்னங்க, கொரங்கு!"

"நிறுத்தவா?"

"நிறுத்தாதீக, நிறுத்தாதீக!"

சீப்பு இரண்டாகப் பிய்ந்தது. பாதி குரங்குக்கு, பாதி தட்டுக்கு. யாருக்கும் முன்னால் மாமனுக்குத்தான் என்று காத்து வந்த தட்டில் முதல் அழைப்பு குரங்குக்குப் போய்விட்டது. ராமுத்தாய் மீதி ஐந்து பழங்களையும் திருப்பித் திருப்பி வைத்து, ஒரு முழுச் சீப்பின் தோற்றம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை.

போடிமெட்டில் பனி இறங்கியிருந்தது. ரோட்டுக்குக் குறுக்கே கட்டை போட்டு, தொப்பி வைத்த மலையாளக் காவல்காரர் ஒருவர் நின்றார். அந்தப் பக்கம் இப்போது கேரளம். போகிற வருகிற மூட்டை முடிச்செல்லாம் அவிழ்த்துப் பார்ப்பார்கள். "நிர்த்து!" என்று கை காட்டினார். சுருளிவேல் நல்ல பிள்ளையாக நிறுத்தத்தான் நினைத்தான். ஆனால் மூக்கு மேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறதே! கட்டைக்குப் பத்தடி முன்னால் வண்டியை வளைத்து, வந்த வழியே கீழே பார்க்கத் திருப்பினான்.

காவல்காரர் விசில் ஊதினார். சோதனைச் சாவடியைப் பார்த்ததும் திரும்பி ஓடுகிற வண்டியை அவர் முதல் தடவையா பார்க்கிறார்? ஓடிவந்து சுருளிவேலின் சட்டையைப் பிடித்துவிட்டார். "எவிடெயா ஓடுந்நது? எந்தா தட்டில்?"

"ஓடலைங்க! நிறுத்துறேங்க! இறக்கத்துல நிறுத்துனாத்தான் கெளம்பும்!"

காவல்காரர் துணியை விலக்கப் போனார். ராமுத்தாய் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "தொடாதீக. இது எங்கண்ணனுக்கு. பிள்ளைக்குக் காதுகுத்து. மாமன் தொடுறதுக்கு முந்தி யாரும் தொடப்படாது. கொரங்கு தொட்டதே போதும்."

"மாமனோ?" அவர் கை பாதியில் நின்றது. "குட்டியுடெ அம்மாவனோ?"

ராமுத்தாய் ஒரு கணம் யோசித்தாள். அம்மா வழிக்காரன் அவன். ஆமாம், அது சரிதான். "ஆமாங்க, அம்மாவன்தான்."

மலையாளத்தில் தாய்மாமனுக்கு அதுதான் பேர். அந்த ஒரு வார்த்தையில் காவல்காரர் வேறு மனுஷராகிவிட்டார். தொப்பியைச் சரிசெய்தார். அம்மாவனை அழைக்கப் போகிற காரியத்தில் சோதனை என்ன வேண்டியிருக்கிறது? அம்மாவன் பிணங்கினால் வீடு என்னாகும் என்று அவருக்குத் தெரியாதா? அவருக்கும் ஒருவர் இருக்கிறார், ஆறு வருஷமாகப் பேச்சில்லை. இதையெல்லாம் பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகச் சொல்லிக்கொண்டே கட்டையைத் தூக்கி, வண்டியை மேட்டுக்கு அவரே தள்ளிப்போய், அந்தப் பக்க இறக்கத்தில் கிளப்பியும் விட்டார்.

மெட்டைத் தாண்டிக் கால் மைல். அங்கேயிருந்து தோட்டத்துக்குள் ஒரு மண்பாதை இறங்குகிறது. பாதை முடிகிற இடத்தில் ஒரு குழிவு. நாலு பக்கமும் மேடு. குழிவுக்குள் உலர்த்துகிற ஸ்டோர், எதிரே சின்னச்சாமியின் வீடு, நடுவில் ஈரமான களம். தரை தட்டையாக இருந்தது, எந்தப் பக்கமும் துளிச் சரிவு இல்லை. சுருளிவேலுக்கு முகம் வெளுத்துவிட்டது. இங்கே நிறுத்தினால் அவ்வளவுதான், சேற்றில் வண்டி கிளம்பாது, மேடு வரைக்கும் தள்ள வேண்டியதுதான். அதனால் நிறுத்தாமல் களத்தைச் சுற்றினான்.

ஸ்டோர் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்த சின்னச்சாமி கோடரியை ஊன்றி நிமிர்ந்து பார்த்தார். மீசை நரைத்திருந்தது. ராமுத்தாய்க்கு அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

"அண்ணே, நல்லாருக்கியா?" என்று முதல் சுற்றில் கேட்டாள்.

"வெள்ளிக்கெழமை புள்ளைக்குக் காதுகுத்துண்ணே!" என்று இரண்டாவது சுற்றில் சொன்னாள்.

"நீதான் மடியில வைக்கணும்!" என்று மூன்றாவது சுற்றில் சொல்லி, கிட்டே வந்த நேரம் பார்த்துத் தட்டையும் நீட்டினாள். வண்டி அவரைத் தாண்டிப் போய்விட்டது.

சின்னச்சாமி வீட்டுப் பக்கம் திரும்பி, "ஏ பொன்னுமணி, வெளிய வா!" என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டார். "அன்னைக்குக் கார்டு. இன்னைக்குச் சர்க்கஸ்ஸு. வந்து பாரு. ஓடுற வண்டியிலருந்து வெத்தலையப் போட்டுட்டுப் போறதுக்கு நான் என்ன தபால் பெட்டியா?"

அது அவர் கோபப்பட வேண்டிய விஷயம்தான். ராமுத்தாய்க்கே தெரிந்தது. அவள் சுருளிவேலின் முதுகில் குத்தினாள். "நிப்பாட்டுங்க."

"நிப்பாட்டுனா வண்டி அம்புட்டுத்தான். மேடு வரைக்கும் தள்ளணும்."

"நிப்பாட்டலைன்னா குதிச்சுருவேன்."

அவள் குதிப்பாள். அது அவனுக்குத் தெரியும். மேடான நாலு பக்கத்தையும் ஒரு தடவை பரிதாபமாகப் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தான். அதற்குப் பிறகுதான் பக்கத்தில் ஒரு ஓடை ஓடுவதே காதில் விழுந்தது.

சுருளிவேல் இறங்கினான். செருப்பைக் கழற்றினான். காற்றுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். பெண்டாட்டியோடு சேர்ந்து தட்டைப் பிடித்துக்கொண்டு, மச்சான் முகத்தைப் பார்க்காமல் அவர் கோடரியைப் பார்த்து ஒரே மூச்சில் சொன்னான். "மச்சான், வெள்ளிக்கெழமை காதுகுத்து. குடும்பத்தோட வந்து முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்."

அது கார்டில் எழுதிய அதே வாசகம். அவனுக்கு வேறு தெரியாது.

வெற்றிலைத் தட்டை வேண்டாம் என்று சொல்கிற வழக்கம் எந்தச் சண்டையிலும் இல்லை. சின்னச்சாமி கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். துணியை விலக்கிப் பார்த்தார்.

"பழம் என்ன பாதிச் சீப்பா இருக்கு?"

"கொரங்கு எடுத்துக்கிருச்சுண்ணே."

"அப்ப எனக்கு முந்திக் கொரங்கக் கூப்புட்டாச்சு."

பொன்னுமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னச்சாமி சிரிக்கவில்லை.

"வர்றியாண்ணே?" என்று ராமுத்தாய் கேட்டாள்.

அவர் தட்டைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். நெற்றியில் கண்ணாடியோடு நிற்கிற தங்கச்சி புருஷனைப் பார்த்தார். "பாப்போம்" என்றார்.

அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று ராமுத்தாய்க்குத் தெரியும். பொன்னுமணி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். பிள்ளைக்குக் கால் கொலுசு போட்டது, அது 'மாமா' என்று சொல்லப் பழகியது எல்லாம் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவள், காப்பியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். "நாங்க கெளம்புறோம் மதினி."

கிளம்புவது சொல்கிற அளவுக்குச் சுலபமாக இல்லை. சுருளிவேல் முன்னால் பிடித்து இழுக்க, ராமுத்தாய் பின்னால் தள்ள, வண்டி களத்தின் சேற்றில் சக்கரம் புதைந்து நின்றது. சின்னச்சாமி கொஞ்ச நேரம் விறகு பிளந்தார். கோடரி சரியாக விழவில்லை. பிறகு அதைப் போட்டுவிட்டு வந்து, ராமுத்தாயை விலக்கி, வண்டியின் கேரியரைப் பிடித்தார்.

"எதுக்கு மச்சான், நாங்க பாத்துக்கிறோம்" என்றான் சுருளிவேல்.

"எந்தங்கச்சி வண்டி தள்ளுறதப் பாத்துக்கிட்டு நிப்பனா? நீ பிடி, பேசாத."

நாலு வருஷம் பேசாத இரண்டு பேரும் அந்த ஏற்றத்தில் பேசித்தான் ஆக வேண்டியிருந்தது. "தள்ளு", "பிடி", "கல்ல வையி", "அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்", "ஒனக்குக் கண்ணு எங்க இருக்கு?", "நெத்தியில இருக்கு மச்சான்". பெண்கள் இருவரும் பின்னால் நடந்தார்கள். வெறும் தட்டைத் திருப்பித் தரக் கூடாது என்று பொன்னுமணி அதில் இரண்டு கை ஏலக்காய் போட்டுத் தந்திருந்தாள். மண்பாதை ஏறி, ரோட்டுக்கு வந்து, மெட்டைத் தொட ஒரு மணி நேரம் ஆனது. காவல்காரர் கட்டையைத் தூக்கிக்கொண்டு, வியர்த்து வழிகிற சின்னச்சாமியைப் பார்த்துக் கும்பிட்டார். "அம்மாவன்" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

மெட்டுக்கு இந்தப் பக்கம் ரோடு போடியைப் பார்த்து இறங்குகிறது. சுருளிவேல் ஏறி உட்கார்ந்தான். ராமுத்தாய் தட்டோடு பக்கத்தில் தயாராக நின்றாள்.

"தள்ளுங்க மச்சான்!"

சின்னச்சாமி தள்ளினார். ஒரு மணி நேரத்துக் கோபம், நாலு வருஷத்துக் கோபம் எல்லாவற்றையும் சேர்த்துத் தள்ளினார். வண்டி ஓடி, இருமி, டபடபவென்று பிடித்துக்கொண்டது. அவர் கையை விட்டார். ஆனால் வேட்டி விடவில்லை. அதன் முனை கேரியர் கம்பியில் மாட்டியிருந்தது.

"ஏறு, ஏறு!" என்று சுருளிவேல் பெண்டாட்டியை நினைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமலே கத்தினான்.

சின்னச்சாமி வேட்டியோடு நாலடி ஓடினார். எட்டடி ஓடினார். வேட்டி மட்டும் போடிக்குப் போவதா, அதோடு தானும் போவதா என்று முடிவு செய்ய அவருக்கு வேறு அவகாசம் இல்லை. காவல்காரர், பெண்டாட்டி, தங்கச்சி, பஸ்சுக்கு நிற்கிற தோட்டத்து ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, எம்பிக் குதித்துப் பின்சீட்டில் உட்கார்ந்தார். வண்டி முதல் வளைவை நோக்கிப் போயிற்று. போகிற போக்கில், வீட்டைவிட்டு எங்கே கிளம்பினாலும் சொல்லிப் பழகிய வாய், பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்துக் கத்தியது.

"பொன்னு, வர்றேன்!"

வளைவில் மறைந்துவிட்டார்கள். ராமுத்தாய் தட்டோடு நடுரோட்டில் நின்றாள்.

"மதினி, கேட்டீகளா? வர்றேன்னு சொல்லிட்டாக!"

"ஏத்தா, அது போறதுக்குச் சொன்னது. போயிட்டு வர்றேன்னு."

"எதுக்குச் சொன்னா என்ன மதினி? சொன்னாகளா இல்லையா?"

"சொன்னாக. ஆனா அடுத்த வளைவுல எறங்கிருவாக பாரு. எறக்கம்தான, ஒங்க வீட்டுக்காரருக்கு நிறுத்துறதுக்கு என்ன?"

இருவரும் கட்டைச்சுவருக்கு ஓடினார்கள். பனி விலகியிருந்தது. கீழே ரோடு மடிந்து மடிந்து கிடந்தது. இரண்டாவது வளைவில் வண்டி தெரிந்தது, நிற்கவில்லை. மூன்றாவது வளைவில் தெரிந்தது. அதற்குள் பின்னால் யார் என்று சுருளிவேலுக்குத் தெரிந்திருக்க வேண்டும், இரண்டு குரல்களும் ஒன்றையொன்று திட்டிக்கொள்வது மேலே கேட்டது. வண்டி நிற்கவில்லை. ஐந்தாவது வளைவில் சத்தம் கேட்கவில்லை. ஏழாவது வளைவில் சின்னச்சாமி சுருளிவேலின் தோளைப் பிடித்திருந்தார். மலை பூராவும் இறக்கம்தான், எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், எங்கேயும் நிறுத்தவில்லை. வெள்ளை வேட்டி சின்னதாகி, புள்ளியாகி, முந்தல் பக்கம் மரங்களுக்குள் போயிற்று.

ராமுத்தாய் கட்டைச்சுவரில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க அழுகை வந்துவிட்டது. பொன்னுமணி அவள் தலையைத் தடவிக்கொண்டே, "மேலுக்கு ஒரு துண்டுகூட இல்லாமப் போறாரே, இந்த மனுசன்" என்றாள்.

மாலை பஸ்சில் ராமுத்தாய் போடிக்கு இறங்கினாள். வாசலில் வண்டி இல்லை. தெருக்கோடி மேட்டில் மூக்கு கீழே பார்க்க நின்றது. உள்ளே சுருளிவேல் அடுப்பங்கரையில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தான். கூடத்தில் சின்னச்சாமி, சுருளிவேலின் பழைய கைலி ஒன்றைக் கட்டிக்கொண்டு, சந்திரவல்லியை மடியில் வைத்திருந்தார். பிள்ளை அவருடைய மீசையை இழுத்து, நரைத்த முடியைத் தனியாகவும் கறுத்த முடியைத் தனியாகவும் பிரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

தங்கச்சியைப் பார்த்ததும் அவர் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார். பக்கத்தில் கிடந்த வேட்டியை எடுத்து விரித்துக் காட்டினார். முனையிலிருந்து நடு வரைக்கும் கிழிந்திருந்தது.

"ஒம்புருசன் பண்ணுன சோலியப் பாத்தியா? வெள்ளிக்கெழமை நான் எதைக் கட்டிக்கிட்டு ஒக்கார்றதாம்?"

ராமுத்தாய் கிழிசலை வாங்கி மடித்து வைத்தாள். "வேட்டிதானண்ணே, வாங்கிருவோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, உலை வைக்க உள்ளே போனாள்.